எவன் வாங்கினான்?

பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசும் யூடியூப் சேனல்களில் ஒரு சடங்கு உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு நகல் பெட்டியை மேசைமேல் வைப்பார்கள். திருகாணியைக் கழற்றிப் பிரிப்பார்கள். உள்ளே கறுப்பாக ஒரு பிசின் பொட்டு, நாலைந்து வயர், மீதியெல்லாம் காலி இடம். உடனே சிரிப்பு. "இதைப் போய் எவன்டா வாங்குவான்?"

எவன் வாங்கினான் என்பதைத்தான் பேச வேண்டும். சிரிப்பவர்களோடு நம் தோழர்கள் சிலரும் சேர்ந்துகொண்டு "டூப்ளிகேட்", "திருட்டு மால்" என்று பகடி செய்வதால்தான் இதை எழுதுகிறேன். தரத்தைப் பேசுங்கள், பாதுகாப்பைப் பேசுங்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அசல் என்பது உயர்ந்த பிறப்பு, நகல் என்பது இழிந்த பிறப்பு என்ற தொனியில் பேசினால், அந்தத் தொனியை எங்கே கற்றுக்கொண்டோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

1990களில் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரியோ தெரியும். கான்ட்ரா தெரியும். டிவி முன்னால் பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டி வாத்து சுட்டது நினைவிருக்கும். நிண்டெண்டோ? அந்தப் பெயரைப் பல வருடம் கழித்து இணையத்தில் கேட்டவர்களே அதிகம். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கிய அந்தப் பெட்டிக்கு நம்மிடம் இருந்த பெயர் டிவி கேம். அதில் செருகுவது கேசட். ஓடவில்லை என்றால் கழற்றி ஊதி மறுபடி செருகுவோம். (ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மாட்டியதால்தான் ஓடியது. ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பின்கள் கெட்டுத்தான் போகும். இருந்தாலும் ஊதாதவர் யார்?)

அந்த டூப்ளிகேட்கூட எல்லார் வீட்டுக்கும் வந்துவிடவில்லை. டிவியே இல்லாத வீடுகளுக்கு டிவி கேம் எப்படி வரும்? தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், உள்ளே உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகளும் இருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை ஏன் யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படி நின்றவர்களில் பலருக்கு முதலில் கையில் ஜாய்ஸ்டிக் கிடைத்தது மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடைகளில்தான். அங்கே ஓடியதும் இதே நகல் பெட்டிதான். நிண்டெண்டோவின் விலையில் யாரும் அப்படி ஒரு கடையை நம் ஊரில் வைத்திருக்க முடியாது.

சரி, எதன் நகல் இது? 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கருவியை 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஃபேமிகாம். 1985இல் உருவத்தை மாற்றி என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. உள்ளே முக்கியமான சிப்கள் இரண்டு. ஒன்று கணக்குப் போடும், ஒலி எழுப்பும். இன்னொன்று படம் வரையும். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் இவ்விரண்டையும் போலவே வேலை செய்யும் சிப்களைத் தயாரித்தது. பிறகு அந்த இரண்டும் மற்ற உதிரிகளும் சேர்ந்து ஒரே சிப்பாகச் சுருங்கின. சிப்புக்குத் தனிக் கூடுகூட வேண்டாம் என்று, சிலிக்கான் துண்டை நேராகப் பலகையில் ஒட்டி, மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே கறுப்புப் பிசினை ஊற்றினார்கள். யூடியூபில் பார்த்துச் சிரிக்கிறார்களே, அந்தப் பொட்டு இதுதான். ஒரு முழு ஃபேமிகாமே அந்தப் பொட்டுக்குள் இருக்கிறது. பெட்டி காலியாக இருப்பது ஏமாற்று அல்ல, அவ்வளவு சிறிதாக்க முடிந்தது என்பதற்கான சாட்சி. கெட்டுப்போனால் ரிப்பேர் செய்ய முடியாது என்பது வேறு விஷயம்.

இந்தச் சிப்கள் உலகமெங்கும் போயின. போலந்தில் பெகாசஸ், பிரேசிலில் ஃபேண்டம் சிஸ்டம், சீனாவில் சியாவ்பவாங், ரஷ்யாவில் டெண்டி. இதில் ரஷ்யக் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

1991 முடிவில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அடுத்த வருடம் விலைவாசி கட்டுப்பாடின்றி ஏறியது, மக்களின் சேமிப்பு கரைந்தது. அந்த 1992 டிசம்பரில்தான் ஸ்டீப்ளர் என்ற மாஸ்கோ நிறுவனம் தைவானில் செய்த நகல் பெட்டியை டெண்டி என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. திட்டம் விக்தர் சாவ்யூக் என்பவருடையது. இவான் மக்ஸீமவ் என்ற அனிமேஷன் கலைஞர் அதற்கு ஒரு குட்டி யானைச் சின்னம் வரைந்து கொடுத்தார். டிவியில் விளம்பரம், கடை, ரிப்பேர் சென்டர், பத்திரிகை, 1994இலிருந்து தனி டிவி நிகழ்ச்சி என்று எல்லாம் வந்தன. நிண்டெண்டோ அந்த நாட்டில் கடையே விரிக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்றாலே டெண்டி என்றானது.

இது திருட்டு என்றால் நிண்டெண்டோ என்ன செய்திருக்க வேண்டும்? நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். 1994இல் அது ஸ்டீப்ளரோடு ஒப்பந்தம் போட்டது. தன் அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் நிண்டெண்டோவை ரஷ்யாவில் விற்கும் உரிமையை அந்த நிறுவனத்துக்கே கொடுத்தது. டெண்டி மீது எந்த உரிமைக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம் என்றும் ஒப்புக்கொண்டது. பிரேசிலிலும் இதே கதை. அங்கே வெளிநாட்டு மின்னணுப் பொருள் இறக்குமதிக்குத் தடை இருந்த காலத்தில் ஃபேண்டம் சிஸ்டம் என்ற நகலைச் செய்தது கிராடியன்டே நிறுவனம். 1993இல் நிண்டெண்டோவின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாக பிரேசிலில் வந்த பிளேட்ரானிக் கம்பெனியின் பங்காளிகளில் ஒருவர் யார்? அதே கிராடியன்டே.

கவனியுங்கள். நகல் செய்தவன் பெரிய வியாபாரியாக இருந்தால் அவன் பெயர் பங்குதாரர். நகலை வாங்கியவன் ஏழையாக இருந்தால் அவன் பெயர் திருட்டு மால் வாங்கியவன்.

சீனக் கதை இன்னும் சுவையானது. சியாவ்பவாங் நிறுவனம் ஃபேமிகாம் நகலை ஒரு விசைப்பலகைக்குள் வைத்தது. தட்டச்சுப் பழகலாம், பேசிக் மொழியில் புரோகிராம் எழுதலாம் என்று சொல்லி "கற்றல் கருவி" என்று பெயரிட்டது. ஜாக்கி சான் விளம்பரத்தில் வந்தார். படிப்புக்கு என்றதும் பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள், கதவைச் சாத்திய பிறகு பிள்ளைகள் கான்ட்ரா ஆடினார்கள். அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்த துவான் யோங்பிங் 1995இல் வெளியேறி பி.பி.கே. என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஓப்போவும் விவோவும் அந்த வேரிலிருந்து முளைத்தவை. இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் போன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. யாரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சப்படுவதில்லை.

இனி அசலின் வம்சாவளியைக் கொஞ்சம் கிளறுவோம்.

ஃபேமிகாமின் மூளையான சிப்பைச் செய்தது ரிக்கோ என்ற ஜப்பானிய நிறுவனம். அதன் உள்ளே இருப்பது அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி 1975இல் கொண்டுவந்த 6502 சிப்பின் வடிவமைப்பு. ஒரே ஒரு வித்தியாசம். 6502இல் பதின்மக் கணக்குப் போடும் ஒரு பகுதி உண்டு, அதற்கு மாஸ் காப்புரிமை வாங்கியிருந்தது. ரிக்கோ சிப்பில் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது, ஆனால் இணைப்புகள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. காப்புரிமையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வெட்டு என்று சிப்பை நுண்ணோக்கியில் பார்த்து ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். தைவான்காரன் ஃபேமிகாம் சிப்பைப் பார்த்துச் செய்தால் போலி. ஜப்பான்காரன் 6502ஐ எடுத்து நாலு கம்பியை வெட்டினால் புதுமை!

இன்னும் பின்னால் போகலாம். 1978இல் டைட்டோ நிறுவனத்தின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஜப்பானையே ஆட்டிப் படைத்தது. மறு வருடமே நிண்டெண்டோ ஸ்பேஸ் ஃபீவர் என்று ஒன்றை இறக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. 1982இல் யுனிவர்சல் ஸ்டுடியோ நிண்டெண்டோ மீது வழக்குப் போட்டது. டாங்கி காங் என்பது தங்கள் கிங் காங்கின் திருட்டு என்றது புகார். நிண்டெண்டோவின் வழக்கறிஞர் ஜான் கிர்பி என்ன வாதாடினார் தெரியுமா? கிங் காங் கதை பொதுவுடைமை, யுனிவர்சலே முன்பு இன்னொரு வழக்கில் அப்படித்தான் வாதாடியது என்றார். நிண்டெண்டோ வென்றது. வென்றது நியாயம்தான். பொதுவில் இருப்பதை எடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு. தான் ஏறி வந்த அந்த ஏணியை அடுத்தவனுக்கு ஏன் மறுக்கிறாய் என்பதுதான் கேள்வி.

மொத்தத் தொழிலின் பிறப்பும் இப்படித்தான். 1972 மே மாதம் கலிஃபோர்னியாவில் மேக்னவாக்ஸ் ஒடிஸி கருவியின் டேபிள் டென்னிஸ் ஆட்டத்தை நோலன் புஷ்னெல் பார்த்தார். அந்த வருடமே அவருடைய அட்டாரி நிறுவனத்திலிருந்து பாங் வந்தது. வழக்கு வந்தது, 1976இல் பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நகலில் பிறக்காத குழந்தை இந்தக் குடும்பத்திலேயே கிடையாது.

"படைப்பாளியின் உழைப்பைத் திருடலாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அதை நாமே முதலில் கேட்க வேண்டும். யார் அந்தப் படைப்பாளி? 1970களில் அட்டாரி தன் புரோகிராமர்களின் பெயரை அட்டையில் போட மறுத்தது. வாரன் ராபினெட் என்பவர் தான் எழுதிய அட்வென்ச்சர் ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை ஒளித்து வைத்தார். ஒருவன் தான் செய்த பொருளில் தன் பெயரைக் கள்ளத்தனமாக எழுத வேண்டியிருந்தது. பெயரும் இல்லை, பங்கும் இல்லை என்று நான்கு புரோகிராமர்கள் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஃபேமிகாம் காலத்து ஜப்பானிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. போட்டிக் கம்பெனி ஆளைத் தூக்கிவிடும் என்று பயந்து, ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் புனைபெயர்தான் போட வேண்டும் என்று பல நிறுவனங்கள் வைத்திருந்தன. அசல் கேசட்டில் உழைத்தவன் பெயர் புனைபெயர். நகல் கேசட்டில் அதையும் அழித்தார்கள். இரண்டிலும் உழைத்தவனுக்கு ராயல்டி என்று ஏதாவது போனதா?

இந்த இடத்தில் நகல் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இவர்களைப் புரட்சிக்காரர்களாக வரைகிற சில பதிவுகளைப் பார்க்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. "9999999 இன் 1" என்று கேசட்டின் மேல் அச்சடித்து விற்றவர்கள் இவர்கள்தான். உள்ளே இருந்தது சில பத்து ஆட்டங்கள், சிலவற்றில் அதுகூட இல்லை. அதே ஆட்டத்தை மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்கவிட்டு வேறு எண் கொடுப்பார்கள். பட்டியலைக் கீழே கீழே இறக்கி, இன்னும் புதிதாக ஏதோ இருக்கும் என்று தேடிய பிள்ளையை ஏமாற்றினார்கள். பாலிஸ்டேஷன் என்றொரு பெட்டி உண்டு. பார்த்தால் அச்சு அசல் சோனியின் பிளேஸ்டேஷன். சிடி மூடியைத் திறந்தால் உள்ளே கேசட் சொருகும் ஓட்டை. பல மாதம் சேர்த்த காசில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதை வாங்கிப் போன ஒரு அப்பாவை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. சூடேறும் அடாப்டர், காப்புரை சரியில்லாத வயர் என்று பாதுகாப்புக் குறைகளும் ஏராளம். எந்த ஊரில், எந்தக் கைகள், என்ன கூலிக்கு இதைக் கோத்தன என்று எந்தப் பெட்டியிலும் இருக்காது. ஏழையிடம் விற்கிறவன் எல்லாம் ஏழையின் தோழன் ஆகிவிட மாட்டான்.

ஆனால் இந்தக் குற்றங்களின் பெயர் ஏமாற்று, அலட்சியம், சுரண்டல். இவற்றை எதிர்க்க நுகர்வோர் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் சட்டம் இருக்கிறது. நகல் எடுத்தல் என்பது இவற்றிலிருந்து வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுப்பது அசல் முதலாளிக்கு வசதி, நாம் ஏன் அந்த மூட்டையைச் சுமக்க வேண்டும்?

அந்த அசல் முதலாளியின் ஒழுக்கம் எப்படி? 1991இல் அமெரிக்காவில், கடைக்காரர்கள் விலையைக் குறைத்து விற்கவிடாமல் நெருக்கினார்கள் என்ற புகாரில் நிண்டெண்டோ சமரசத்துக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன் கொடுத்தது. அந்தக் கூப்பனை வைத்து என்ன வாங்கலாம்? நிண்டெண்டோ கேசட்! 2002இல் ஐரோப்பிய ஆணையம் அதற்கு 14.9 கோடி யூரோ அபராதம் போட்டது. விலை குறைவான நாட்டிலிருந்து விலை கூடிய நாட்டுக்குச் சரக்கு போகாமல் விநியோகஸ்தர்களோடு சேர்ந்து தடுத்தது என்பது குற்றம். மேல்முறையீட்டில் தொகை 11.9 கோடியாகக் குறைந்தது, குற்றம் நின்றது. இவ்வளவு பெரிய தீர்ப்பு வந்தும் நிண்டெண்டோவை யாராவது திருடன் என்று கூப்பிட்டார்களா?

தனி மனிதன் மாட்டினால் கதை வேறு. கேரி பௌசர் என்பவர் நகல் பெட்டி விற்றவர் அல்ல. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியின் பூட்டை உடைக்கும் சாதனத்தை விற்ற குழுவில் இருந்தவர். 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. கிரிமினல் வழக்கில் 45 லட்சம் டாலர், சிவில் வழக்கில் 1 கோடி டாலர் நிண்டெண்டோவுக்குக் கொடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகு மாத வருமானத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை போய்க்கொண்டே இருக்கும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் அடைபடாத ஒரு கடனை ஒரு மனிதன் தலையில் கட்டுவதற்கு நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. செங்கல் சூளைகளில் அந்தச் சொல்லை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம்.

மாணவர்களுக்காக ஒரு சட்ட விஷயம். கருவியின் மீதான உரிமை வேறு, ஆட்டத்தின் மீதான உரிமை வேறு. கருவிக்கு இருப்பது காப்புரிமை. அதற்கு ஆயுள் சுமார் இருபது வருடம். ஃபேமிகாம் கருவிக்கான காப்புரிமைகள் 2000களின் நடுவிலேயே காலாவதியாகிவிட்டன. ஆகவே இன்று ஒருவர் அதே கேசட்டை ஓட்டும் பெட்டியைச் செய்து சொந்தப் பெயரில் விற்றால், நிண்டெண்டோவின் அனுமதி இல்லை என்பதற்காக மட்டும் அது சட்டவிரோதம் ஆகாது. அனுமதியற்றது என்பதும் சட்டவிரோதமானது என்பதும் ஒன்றல்ல. ஆட்டத்துக்கு இருப்பது பதிப்புரிமை. அதன் ஆயுள் அமெரிக்காவில் நிறுவனப் படைப்புகளுக்கு, வெளியானதிலிருந்து 95 வருடம். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் அங்கே பொதுவுடைமையாவது 2081 ஜனவரி 1 அன்று. அதை எழுதியவர்களும், முதன்முதலில் ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் அன்று உயிரோடு இருக்க மாட்டார்கள்.

2016இல் நிண்டெண்டோவே என்.இ.எஸ். கிளாசிக் என்று ஒரு குட்டிப் பெட்டியை 60 டாலருக்கு விற்றது. உள்ளே பழைய சிப் எதுவும் கிடையாது. போனில் இருப்பது போன்ற ஒரு சிப், லினக்ஸ், அதன் மேல் பழைய கருவியைப் போல நடிக்கும் ஒரு எமுலேட்டர். 30 ஆட்டங்களை உள்ளேயே அடைத்துவிட்டார்கள், கேசட் போட வழியே இல்லை. பர்மா பஜார் பெட்டிக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் என்ன பெரிய வித்தியாசம்? அது 76 இன் 1, இது 30 இன் 1. முத்திரை குத்தியவன் வேறு, அவ்வளவுதான். வசவு மட்டும் ஒன்றுக்குத்தான்.

இதெல்லாம் வெறும் பொம்மைக் கதை என்று நினைக்கும் தோழர்கள் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். பாடப் பகுதிகளை நகலெடுத்துக் கட்டிக் கொடுத்ததற்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் அந்தச் சின்னக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை என்பது தெய்வம் கொடுத்த உரிமையும் அல்ல, இயற்கையான உரிமையும் அல்ல என்று அந்தத் தீர்ப்பு பேசியது. மேல்முறையீட்டிலும் பதிப்பகங்களுக்குத் தடையாணை கிடைக்கவில்லை. அந்த ஜெராக்ஸ் கட்டு இல்லாமல் எத்தனை முதல் தலைமுறை மாணவர்கள் எம்.ஏ. முடித்திருக்க முடியும்? நானும் உங்களில் பலரும் படித்த புத்தகங்களில் எத்தனை அசல், எத்தனை ஜெராக்ஸ் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு டூப்ளிகேட் என்று சிரிக்கலாம்.

சரி, அசலை வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாகவாவது வைத்திருக்கிறார்களா? 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று காசு கொடுத்தாலும் சட்டப்படி வாங்க முடியாத நிலையில் இருக்கின்றன என்றது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகத் திறந்துகொடுக்க விதிவிலக்கு கேட்டார்கள். கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

தைவானிலும் சீனாவிலும் நகல் பெட்டிகளுக்காகவே சின்னச் சின்னக் கம்பெனிகள் எழுதிய ஆட்டங்கள் பல உண்டு. அவற்றுக்கு நிண்டெண்டோவின் முத்திரை கிடையாது, எந்த அருங்காட்சியகமும் தேடவில்லை. அவற்றை இன்று தேடிப் பிடித்துப் பதிந்து வைப்பவர்கள், பழைய சாமான் கடைகளில் கறுப்புப் பொட்டு போட்ட கேசட்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கிவந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டுப் பார்க்கும் ஆர்வலர்கள்தான். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு மஞ்சள் கேசட் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஊத வேண்டாம், கொஞ்சம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.